காலத்துக்கு முந்தி வரும் மாரடைப்பு: சான்டா கிளாராத் தமிழர் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு

கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு மருத்துவ வசதியில் பெரும்பாலும் குறை இல்லை. லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் கைசர் மருத்துவமனை, மவுன்டன் வியூவில் எல் கமீனோ, சான் ஹோசேயில் மாவட்ட அரசு நடத்தும் வேலி மெடிக்கல் சென்டர், பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டு என எல்லாமே அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கின்றன. கம்பெனி தரும் காப்பீடு உண்டு, படிப்பும் உண்டு. புகையோ குடியோ இல்லாத வீடுகளும் ஏராளம். இருந்தும் நாற்பதுகளில் இருக்கும் ஒருவருக்கு மாரடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள் என்ற செய்தி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. முப்பத்தைந்து வயதில் சுகர் மாத்திரை தொடங்கியவர்களை எல்லோருக்கும் தெரியும்.

மாரடைப்பு, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, பக்கவாதம் ஆகிய நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை. இவை நம்மவர்களை ஏன் முந்தி வந்து பிடிக்கின்றன, எப்படித் தடுப்பது, வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் விடை தேடி வந்திருக்கிறார்கள். அந்த விடைகளில் உறுதியானவை எவை, இன்னும் தீராதவை எவை என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பழைய கேள்வி

இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களில் டி.ஜே. தனராஜ் முக்கியமானவர். பிற்காலத்தில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர் அவர். சிங்கப்பூரில் நடந்த ஆயிரக்கணக்கான பிணப் பரிசோதனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து, 1959இல் சக மருத்துவர்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே ஊரில் வாழ்ந்த சீனர்களைவிட இந்தியர்களுக்கு இதயக் குழாய் அடைப்பு பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள் என்பதால் அதை நம் முன்னோரைப் பற்றிய ஆய்வாகவே கொள்ளலாம்.

அடுத்து லண்டன். மேற்கு லண்டனில் குடியேறிய தெற்காசியர்களை ஆராய்ந்த பால் மெக்கீக் குழுவினர் 1991இல் ஒரு காரணத்தைச் சுட்டினார்கள். கொழுப்பு இடுப்பைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் சேர்கிறது. அதனால் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. நீரிழிவும் இதய நோயும் சேர்ந்தே வருகின்றன என்றார்கள். அமெரிக்காவில் வாழும் இந்திய மருத்துவர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் இனாஸ் இனாஸ் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். அமெரிக்க ஆண்களோடு ஒப்பிட்டால் இந்திய ஆண்களிடம் இதயக் குழாய் நோய் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. மருத்துவம் படித்தவர்களின் குடும்பங்களிலேயே இந்த நிலை.

பிறகு வந்தது சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு. 2004இல் வெளிவந்த அதன் முடிவு நம்பிக்கை தருவது. உலகில் நேரும் முதல் மாரடைப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தை ஒன்பது காரணிகளே விளக்கிவிடுகின்றன. கொலஸ்ட்ரால் சமநிலை கெடுவது, புகை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தொப்பை, மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பு இன்மை, மது அருந்தும் வழக்கம் ஆகியவை அந்த ஒன்பது. ஒன்றுகூட நம் கைக்கு எட்டாதது அல்ல. அதே ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் தனியாக வந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53, பிற நாட்டவர்க்கு 58.8. நாம் ஐந்து ஆறு ஆண்டுகள் முந்தி விழுகிறோம். நம்மவர்களைத் தாக்குவது ஏதோ புரியாத புது நோய் அல்ல. தெரிந்த காரணங்களே நம்மிடம் இளமையிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கிடைத்த சான்று

அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் நாம் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தோம். சீனர், ஜப்பானியர், கொரியர், இந்தியர் எல்லோரையும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டியதால், ஆசியர்களுக்கு இதய நோய் குறைவு என்ற பொதுத் தோற்றம் உண்டாயிற்று. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லதா பழனியப்பனும் அவருடைய குழுவினரும் இறப்புச் சான்றிதழ்களை இனவாரியாகப் பிரித்துப் படித்தபோது அந்தத் தோற்றம் கலைந்தது. இந்தியர்களின் இறப்புகளில் இதயக் குழாய் நோய்க்குப் பெரும் பங்கு இருந்தது.

நம்மை மட்டுமே நீண்ட காலம் பின்தொடரும் ஆய்வு ஒன்று 2010இல் தொடங்கியது. அதன் பெயர் மசாலா. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் அல்கா கனயாவும், சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நம்ரதா கண்டுலாவும் அதை நடத்துகிறார்கள். வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் 40 வயதைக் கடந்த, அதுவரை இதய நோய் இல்லாத 906 பேரோடு அது தொடங்கியது. வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்தபோது தெற்காசியர்களில் 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. கறுப்பினத்தவரில் 18, லத்தீனியரில் 17, சீனரில் 13, வெள்ளையரில் 6. இதயக் குழாயில் படியும் சுண்ணாம்பின் அளவில் நம் ஆண்கள் வெள்ளையருக்கு இணையாகவும் மற்ற மூன்று இனத்தவரை மிஞ்சியும் நின்றார்கள். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு அதிகமாக இருந்தது. தசை குறைவாக இருந்தது.

எல் கமீனோ மருத்துவமனையில் 2006இலேயே தெற்காசிய இதய மையம் தொடங்கப்பட்டது. நோய் வருமுன் பரிசோதித்து, உணவு, உடற்பயிற்சி, தியானம், தூக்கம் ஆகியவற்றில் பயிற்சியாளரின் தொடர் வழிகாட்டலைத் தருவது அதன் முறை. ஸ்டான்ஃபோர்டிலும் தெற்காசியர்களுக்கென்றே தனி இதயப் பிரிவு உண்டு. அமெரிக்க இதயச் சங்கம் 2018இல் தெற்காசியர்களின் இதய நோய் பற்றி முழு அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டின் கொலஸ்ட்ரால் வழிகாட்டி நெறிகள், தெற்காசிய வம்சாவளியை ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தன. சென்னையில் பிறந்த அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பிரமிளா ஜெயபால் கொண்டுவந்த தெற்காசிய இதயநல மசோதா 2022 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஆனால் அந்த அவைக்காலத்தில் சட்டமாகவில்லை.

ஏன் நமக்கு?

ஒல்லியாக இருப்பவருக்குச் சுகர் வராது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரோடியது. அதைத் தகர்க்க ஒரே ஒரு பக்கக் கட்டுரை போதுமானதாக இருந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் உடலளவுகளையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3, எந்த அட்டவணைப்படியும் சரியான எடை. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எடை காட்டும் எந்திரத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. புனேயில் பிறந்த குழந்தைகளை அளந்து, எடை குறைவாகப் பிறந்தாலும் கொழுப்பு குறையாமல் பிறக்கின்றன என்றும் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். கருவிலேயே ஊட்டம் குறைந்து வளர்ந்த உடல், பிற்காலத்தில் மிகுதியான சோற்றையும் சர்க்கரையையும் தாங்க முடியாமல் திணறுகிறது.

மரபணுவின் பங்கும் உண்டு. லிப்போபுரோட்டீன் ஏ என்ற கொழுப்புத் துகள் பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானிக்கப்படுவது. தெற்காசியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது கூடுதலாக இருக்கிறது. வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது தெரியாது. தனியாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருப்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் பிறரும் 2009இல் கண்டறிந்தார்கள். குடும்பத்தில் யாராவது ஐம்பது வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால் அதை விதி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எல்லாம் பிறவிக் கோளாறா, அல்லது அமெரிக்க வாழ்க்கை செய்ததா? இதற்கு நேரடியாக விடை தேடிய ஒப்பீடு ஒன்று 2015இல் வந்தது. சென்னைவாசிகளையும் மசாலா ஆய்வில் உள்ள அமெரிக்க இந்தியர்களையும் அது அருகருகே வைத்துப் பார்த்தது. சென்னையில் நீரிழிவு 38 சதவீதம், இங்கே 24 சதவீதம். ஆனால் நீரிழிவுக்கு முந்தைய நிலை சென்னையில் 24 சதவீதம், இங்கே 33 சதவீதம். அமெரிக்கா வந்ததால்தான் நோய் வந்தது என்ற பேச்சு இதனால் அடிபடுகிறது. அதேவேளை, இங்கே மூவரில் ஒருவர் நோயின் வாசலில் நிற்கிறார். உள்ளே போவதா, திரும்பி வருவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. தடுப்புக்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வேறில்லை.

உணவிலும் சான்று தெளிவாகவே இருக்கிறது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய சென்னை ஆய்வில், நகரவாசிகள் பெறும் கலோரிகளில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்து வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. சான்டா கிளாராவுக்கு வந்த பிறகும் இட்லியும் தோசையும் சாதமும் மாறவில்லை. அவற்றோடு பீட்சாவும் பேகலும் அலுவலகச் சிற்றுண்டி அலமாரியும் சேர்ந்துகொண்டன. சைவ உணவு தானாகவே காக்கும் என்பதும் உறுதியில்லை. பொரித்த தின்பண்டம், இனிப்பு, கொழுப்பு மிகுந்த பால் பொருள்கள் நிறைந்த உணவுமுறை இன்சுலினுக்கு உடல் இணங்காத நிலையோடும், நல்ல கொலஸ்ட்ரால் குறைவோடும் சேர்ந்திருப்பதை மசாலா ஆய்வு காட்டியது. முறுக்கும் மைசூர்பாகும் வடையும் சைவம்தான். இதயக் குழாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது.

அளந்தால்தான் தெரியும்

இந்த நான்கு நோய்களுக்கும் பொதுவான குணம் அமைதி. குழாயில் படிவு சேரத் தொடங்கி அடைப்பாகும் வரை பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை வலி இல்லை, களைப்பு இல்லை. வார இறுதியில் பேட்மின்டன் ஆடுகிறேன், எனக்கென்ன என்று கேட்பவருக்கு உள்ளே நடப்பது தெரிய வாய்ப்பே இல்லை. ஆகவே எண்களைத்தான் நம்ப வேண்டும்.

முதலாவது இடுப்பளவு. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. உடல் நிறை குறியீட்டில் அமெரிக்கப் பொது எல்லை 25. ஆசியர்களுக்கு 23ஐத் தொட்டாலே நீரிழிவுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 முதல் சொல்லி வருகிறது. ஐந்தடி ஏழங்குல உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 67 கிலோ. கண்ணாடியில் பார்த்தால் யாரும் அவரைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது இரத்தச் சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி 5.7க்குக் கீழே இருக்க வேண்டும், 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை நிலை, 6.5 ஆனால் நீரிழிவு. மூன்றாவது இரத்த அழுத்தம். அமெரிக்க நெறிமுறையில் 130க்கு 80 தொட்டாலே உயர் அழுத்தம். வீட்டில் ஒரு கருவி வாங்கி, ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு அளப்பது நல்லது. நான்காவது கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்., அதோடு டிரைகிளிசரைடு. ஐந்தாவது, வாழ்நாளில் ஒருமுறை எடுக்க வேண்டிய லிப்போபுரோட்டீன் ஏ. 50 மில்லிகிராம் அல்லது 125 நானோமோலுக்கு மேல் இருந்தால் மற்ற எண்களை இன்னும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். நீரிழிவோ அழுத்தமோ இருப்பவர்கள் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெடுவதும் சத்தமில்லாமல்தான்.

இங்கே மருத்துவர்களிடையே தீராத விவாதங்களும் உண்டு. பத்தாண்டு இதய ஆபத்தைக் கணக்கிடும் அமெரிக்கச் சூத்திரங்களில் தெற்காசியர்களுக்குத் தனி இடம் இல்லை. 2023இல் வந்த புதிய சூத்திரம் இன அடையாளத்தையே விட்டுவிட்டது. பிரிட்டனில் புழங்கும் சூத்திரமோ இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவரைத் தனித்தனியே கணக்கில் எடுக்கிறது. ஆகவே அமெரிக்கக் கணக்கு 'குறைந்த ஆபத்து' என்று சொன்னாலும், குடும்ப வரலாறு இருப்பவர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது. மாத்திரை தொடங்குவதா வேண்டாமா என்ற ஐயம் வரும்போது இதயக் குழாய்ச் சுண்ணாம்பை அளக்கும் சி.டி. ஸ்கேன் உதவும். எண் 100ஐத் தாண்டினால், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்குச் சான்று வலுவானது. பூஜ்யம் வந்தால் பெரும்பாலும் காத்திருக்கலாம். புகைப்பவர், நீரிழிவு உள்ளவர், இளவயது மாரடைப்புக் குடும்பத்தவர் ஆகியோருக்கு இந்தச் சலுகை இல்லை. நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களிடம் படிவு பெரும்பாலும் சுண்ணாம்பாக மாறியிருக்காது என்பதால், அந்த வயதில் பூஜ்யத்தை முழுப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தடுப்பு: நிரூபணமானவை

2002இல் அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இரண்டு இலக்குகள் மட்டும் வைத்தார்கள். நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. நம் உடலுக்கு இது பொருந்துமா என்று சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் சோதித்தார். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது. 2016இல் வந்த மற்றொரு சென்னை ஆய்வு 32 சதவீதம் காட்டியது. நமக்குப் பலன் சற்றுக் குறைவு என்பது உண்மை. ஆனாலும் மூவரில் ஒருவரை நோயிலிருந்து காப்பது சிறிய காரியம் அல்ல.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? தட்டில் சோற்றின் அளவைப் பாதியாக்கிப் பொரியலையும் கூட்டையும் இரட்டிப்பாக்குவது. ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், பயறு, முட்டை, மீன், தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் இருப்பது. காபிக்கும் டீக்கும் சர்க்கரையை விடுவது. நாளுக்கு நான்கு கப் குடிப்பவருக்கு இது ஒன்றே பெரிய மாற்றம். சிறுதானியம் நல்லதுதான், ஆனால் அதையும் அளவின்றிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறவே செய்யும். பிறந்த நாள், வளைகாப்பு, கொலு, பாட்லக் என்று வாரந்தோறும் விருந்து வரும் ஊர் இது. விருந்தை நிறுத்த வேண்டாம். மேசையில் ஒரு சாலட்டும் ஒரு சுண்டலும் சேர்வது அழைப்பவர் கையில் இருக்கிறது.

நடப்பதற்கு இந்த ஊரைப் போல் வாய்த்த இடம் குறைவு. சான் தோமஸ் அக்கினோ ஓடைப் பாதையும் சென்ட்ரல் பார்க்கும் ஆண்டில் பெரும்பகுதி நடக்க ஏற்ற தட்பவெப்பத்தில் கிடக்கின்றன. நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும்; நம்மிடம் குறைவாக இருப்பதே தசைதான். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது சர்க்கரை ஏற்றத்தை மட்டுப்படுத்தும். தூக்கத்தை அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் இதயநலத்தின் எட்டு அடிப்படைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இரவு பத்து மணிக்கு மேல் பெங்களூரு, சென்னை அலுவலகங்களோடு மீட்டிங் வைப்பவர்கள் இதைத் தங்கள் மேலாளரிடமே எடுத்துச் சொல்லலாம். குறட்டை பலமாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று போகும் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். கட்டுப்படாத இரத்தக் கொதிப்புக்குப் பின்னால் பல நேரம் அதுவே இருக்கிறது.

மாத்திரை தோல்வி அல்ல

நம்மவர்களிடம் நான் மிகவும் கவலையோடு பார்ப்பது மாத்திரை பற்றிய அச்சம். ஒருமுறை தொடங்கினால் விட முடியாது என்று தள்ளிப்போடுகிறார்கள். எண் சரியானதும் தாமாகவே நிறுத்துகிறார்கள். எண் சரியாக இருப்பது மாத்திரையால்தான். எல்.டி.எல்.ஐ ஏறத்தாழ 40 மில்லிகிராம் குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஸ்டாட்டின் ஆய்வுகளின் கூட்டு முடிவு. தசை வலி வந்தால் மருந்தையோ அளவையோ மாற்றலாம். அதற்குப் பதிலாக வேறு வகை மருந்துகளும் உண்டு.

நீரிழிவு மருத்துவம் கடந்த பத்தாண்டில் தலைகீழாக மாறியிருக்கிறது. முன்பு சர்க்கரையைக் குறைப்பதே இலக்கு. 2015இல் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு, ஏற்கெனவே இதய நோய் உள்ள நீரிழிவுக்காரர்களிடம் இதயக் காரண இறப்பை 38 சதவீதம் குறைத்துக் காட்டியது. 2023இல் செமாகுளுடைட் ஊசி, நீரிழிவு இல்லாத, ஆனால் எடை கூடிய இதய நோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயக் காரண இறப்பு ஆகியவற்றை 20 சதவீதம் குறைத்தது. இதயமும் சிறுநீரகமும் காக்கும் மருந்து எனக்குப் பொருந்துமா என்று நோயாளியே கேட்கும் காலம் இது.

இரண்டு எச்சரிக்கைகள். மாரடைப்பு வராதவர்கள் தாமாகவே தினமும் ஆஸ்பிரின் எடுப்பது நம் பெற்றோர் தலைமுறையில் பரவலான பழக்கம். அறுபதைக் கடந்தவர்கள் தடுப்புக்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2022இல் அறிவித்தது; இரத்தக் கசிவு ஆபத்து பலனை மிஞ்சுகிறது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கோ இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. அடுத்து, மூலிகைக் குளிகைகளையும் மஞ்சள், அஸ்வகந்தா மாத்திரைகளையும் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சமையலில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு. பின்னதால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

பெண்களைப் பற்றித் தனியாக

கர்ப்ப காலத்தில் சர்க்கரை ஏறி, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று மறந்துபோகும் பெண்கள் நம்மிடம் மிகுதி. அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். சென்னை மருத்துவர் வீ. சேஷையா இந்தியாவில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதாடினார். அவர் பிறந்த மார்ச் 10ஆம் நாளே அங்கே கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிரசவம் முடிந்த 4 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறையும், பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். கைக்குழந்தையோடு தாய் தன்னை மறந்திருக்கும் அந்தக் காலத்தில், தேதி குறித்து அழைத்துப்போவது கணவர், மாமியார், தாய் ஆகியோரின் கடமை.

மாரடைப்பின் அறிகுறியும் பெண்களிடம் மாறலாம். நெஞ்சு வலியோடோ அது இல்லாமலோ மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமற்ற பெரும் சோர்வு வரலாம். நீண்ட நாள் நீரிழிவு உள்ள ஆண்களுக்கும் வலி தெரியாமல் போகக் கூடும். வாயுத் தொல்லை என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருந்த நேரமே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

அந்த ஒரு மணி நேரம்

நெஞ்சை அழுத்தும் வலி சில நிமிடம் நீடித்தாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 911ஐ அழைக்க வேண்டும். தாமே காரோட்டிப் போவதும், ஊபர் பிடிப்பதும் கூடாது. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலிலேயே சிகிச்சையைத் தொடங்குகிறது; இ.சி.ஜி. எடுத்து, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புகிறது. மருத்துவமனைக்குள் நுழைந்து 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பது இலக்கு. ஒவ்வாமை இல்லாதவராக இருந்தால் 911 ஊழியர் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்.

முகம் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால், திடீரென்று நிலை தடுமாறினால் அது பக்கவாதம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். பெரிய குழாய் அடைப்பைக் கம்பி செலுத்தி எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரை பயன்படும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மயங்கி விழுந்து மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே மார்பின் நடுவில் இரு கைகளால் அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழு முதல் பத்து சதவீதம் குறைக்கிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த உயிர் பக்கத்தில் நிற்பவர் கையில்தான் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் கிரிக்கெட் குழுக்களும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பயிற்சியை நடத்த வேண்டும். அரை நாள் போதும்.

காப்பீடும் ஊரிலிருந்து வரும் பெற்றோரும்

2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி, பெரும்பாலான திட்டங்களில் ஆண்டுப் பரிசோதனைக்கும் அங்கீகரிக்கப்பட்ட தடுப்புச் சோதனைகளுக்கும் கையிலிருந்து பணம் தர வேண்டியதில்லை. இருந்தும் ஐந்து ஆண்டாக மருத்துவரைப் பார்க்காதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். விடுமுறையில் சென்னை போகும்போது மாஸ்டர் செக்கப் எடுப்பவர்கள் அந்த முடிவுகளை இங்குள்ள மருத்துவரிடம் தர வேண்டும்; பெட்டியில் வைத்த காகிதம் யாரையும் காப்பதில்லை.

வேலை போனால் முதலில் கைவிடப்படுவது மருந்து. பழைய கம்பெனியின் காப்பீட்டை கோப்ரா முறையில் சொந்தச் செலவில் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். காப்பீடு போன 60 நாளுக்குள் மாநிலக் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிபோர்னியாவில் புதிய திட்டத்திலும் சேரலாம். இரண்டையும் ஒப்பிட்டு உடனே முடிவெடுக்க வேண்டும்.

பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோருக்கு எடுக்கும் காப்பீடு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பொதுவாகச் செலவு தராது. சில திட்டங்கள் மட்டும் திடீர் தீவிர நிலைக்கு வயது வரம்போடு தருகின்றன. வாங்குமுன் அந்தப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். தங்கும் நாட்களுக்கும் சற்றுக் கூடுதலாக மாத்திரை, மருத்துவர் சீட்டு, கடைசி இ.சி.ஜி. ஆகியவற்றைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். செலவுக்குப் பயந்து வலியை மறைக்கும் பெற்றோருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டப்படி, அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணமோ காப்பீடோ பாராமல் பரிசோதித்து நிலைப்படுத்துவது மருத்துவமனையின் கடமை. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை தர மருத்துவமனைகளைக் கலிபோர்னியாச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோரையும் மறக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் பரிசோதனையும் மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. அவசரத்துக்கு அங்கே 108. இந்த இரண்டையும் பெற்றோர் அறிந்திருக்கிறார்களா என்று அடுத்த முறை பேசும்போது கேளுங்கள்.

தொகுத்துப் பார்த்தால்

நம் உடலுக்கு ஆபத்து அதிகம் என்பது நிரூபணமானது. காரணங்கள் பெரும்பாலும் தெரிந்தவை; மருந்துகளும் கைவசம் இருக்கின்றன. மரபணுவின் பங்கு எவ்வளவு, ஆபத்துச் சூத்திரத்தை எப்படித் திருத்துவது, லிப்போபுரோட்டீன் ஏவைக் குறைத்தால் மாரடைப்பு குறையுமா என்பவை ஆய்வாளர்கள் தீர்க்க வேண்டிய கேள்விகள். அந்த விடைகளுக்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஊரில் நமக்குக் குறைவது மருத்துவம் அல்ல, உரிய வயதில் அளந்து பார்க்கும் பழக்கமே.

ஆகவே என் வேண்டுகோள் இது. முப்பது வயதைத் தொட்ட ஒவ்வொரு தமிழரும் இடுப்பளவு, இரத்த அழுத்தம், ஏ1சி, கொலஸ்ட்ரால், லிப்போபுரோட்டீன் ஏ ஆகிய ஐந்தையும் அறிந்திருக்க வேண்டும். பெற்றோர், தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பா ஆகியோருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று எழுதி வைத்து, அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் மருத்துவரிடம் கொடுங்கள். எண் தவறியிருந்தால் மூன்று மாதம் முறையாக முயன்று பாருங்கள். போதவில்லை என்றால் தயங்காமல் மாத்திரையைத் தொடங்குங்கள். கடைசியாக மருத்துவரைப் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்றால், இந்த வாரமே தேதி வாங்கிவிடுங்கள்.